பேர் பொறித்த வெள்ளி

ஷோபனாவின் வீட்டில் ஒரு தேக்குப் பெட்டி நிறைய வெள்ளிச் சாமான்கள் இருந்தன. முள்கரண்டிகள், சூப் கரண்டிகள், மீனுக்கென்றே மழுங்கலாகச் செய்த கத்திகள், ஒரு பெரிய அகப்பை, கைப்பிடி வைத்த பால் ஜாடி. ஒவ்வொன்றிலும் வி, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் கொடிபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மேலே ஒரு சின்னக் கிரீடம், இரண்டு பக்கமும் மயில்.

அந்தமானில், டெலானிபூரில் ஒரு அரசுக் குடியிருப்பு வீட்டுக்குள் இப்படி ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்தவர்கள் எல்லாரும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். ஷோபனா எல்லாருக்கும் ஒரே கதையைச் சொன்னாள். வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி. ராஸ் தீவில் வெள்ளைக்காரத் துரைமார் சாப்பிட்ட சாமான் இது. ஜப்பான்காரன் வந்தபோது போட்டது போட்டபடி அவர்கள் கிளம்பிப் போக, யாரோ எடுத்துவைத்திருந்தார்கள். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்த அப்பா, பல வருடம் கழித்து அவர்களிடமிருந்து வாங்கினார். இந்தக் கதையை அவளுக்குச் சொன்னதே அப்பா அழகர்சாமிதான். பள்ளிக்கூடத்தில் சொன்னாள், கல்யாணமாகி வந்த பிறகு கணவன் நந்தகுமாரின் கப்பல் அலுவலக நண்பர்களிடம் சொன்னாள், தான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு மெயின்லேண்டிலிருந்து அதிகாரிகள் வந்தால் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தக் கரண்டிகளைப் போட்டுப் பரிமாறிவிட்டுச் சொன்னாள். அவள் மகள் மீனாவும் அதே கதையைத்தான் நம்பினாள். சென்னையில் படிக்கும் மீனா போன விடுமுறைக்கு வந்தபோது, கடல்காற்றில் கறுத்துப்போயிருந்த சாமான்களைத் திருநீறு போட்டுத் தேய்த்து, மேஜையில் அடுக்கிப் படம் எடுத்து, விக்டோரியா ராணியின் வெள்ளி என்று எழுதி இணையத்தில் போட்டாள்.

அதைப் பார்த்துத்தான் அஸ்வின் வந்தான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். நெடுங்கரைப்பட்டி ஜமீன் குடும்பம். பழைய அரண்மனையை ஓட்டலாக மாற்றி நடத்துகிறானாம். முதலில் மீனாவுக்கு எழுதி, பிறகு ஷோபனாவிடம் போனில் பேசி, விமானம் பிடித்தே வந்துவிட்டான். வந்த அன்று வீட்டில் ஷோபனா மட்டும் இருந்தாள். நந்தகுமார் அலுவலகம் போயிருந்தான். அவர்களோடு இருக்கும் அப்பா, பெரார்கஞ்சில் தன் பாக்குத் தோட்டத்துக்குப் போய் நான்கு நாளாகியிருந்தது.

அஸ்வின் ஒரு கரண்டியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தன் போனில் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினான். நீளமான சாப்பாட்டு மேஜை, அதைச் சுற்றித் தலைப்பாகைக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். விரல்களால் படத்தைப் பெரிதாக்கியபோது, ஒரு தட்டின் பக்கத்தில் அதே மயில் தெரிந்தது.

“விக்டோரியா ராணிக்கு மயில் எதுக்கு மேடம்?” என்று சிரித்தபடி கேட்டான். “இது விஜயரங்கர். எங்க தாத்தாவுக்குத் தாத்தா. கவர்னர் விருந்துக்கு வர்றார்னு லண்டன்ல சொல்லி வரவழைச்ச செட். எங்க தாத்தாவுக்கும் அதே பேர்தான் வச்சாங்க. இதுல கால்வாசி எப்பவோ காணாமப் போயிடுச்சு.”

ஷோபனாவுக்கு முகம் சுட்டது. இத்தனை வருடம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா இங்கே யாரிடமோ வாங்கியதுதான், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று தடுமாறினாள். அவன் உடனே கையமர்த்தினான். யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை, ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் செட்டை முழுசாக வைக்க வேண்டும் என்று ஆசை, அவள் கேட்கும் விலையைத் தருவதாகச் சொன்னான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள்.

அந்த செட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டில் ஒருவர்தான் மிச்சம் என்று சொல்லி, அவன் தாத்தாவின் தங்கை இந்திராணியை வீடியோவில் கூப்பிட்டான். திரையில் நரைத்த தலையும் வைரத்தோடுமாக ஒரு முகம் வந்தது. அஸ்வின் பெட்டியைக் காட்டினான், பால் ஜாடியைக் காட்டினான்.

“போனை மேல தூக்கு,” என்றாள் அந்த அம்மாள். “அந்தப் பொண்ணு முகத்தைக் காட்டு.”

அஸ்வின் போனைத் திருப்பினான். ஷோபனா மரியாதைக்குக் கும்பிட்டாள்.

“நீ ஜெயலட்சுமி மகளா?”

ஷோபனாவின் அம்மா பெயர் ஜெயலட்சுமிதான். இறந்து ஆறு வருடமாகிறது. அஸ்வினிடமோ மீனா போட்ட படத்திலோ அந்தப் பெயரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

“உங்களுக்கு அம்மாவைத் தெரியுமாங்க?”

“தெரியுமாவா. எங்கூடத்தானே இருந்தா, ஒரே பாயில படுத்து,” என்றாள் இந்திராணி. “அண்ணன் முகம் அப்படியே இருக்கு உனக்கு. அந்த நெத்தி, அந்த மூக்கு. அழகர்சாமி உன்னை நல்லா வச்சிருந்தானா?”

அஸ்வின் அவசரமாக ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டான். ஷோபனாவுக்கு ‘அண்ணன் முகம்’ என்பது உடனே மண்டையில் ஏறவில்லை. அதற்கு முன்னால் வேறொன்றுதான் தைத்தது. அப்பாவை யாரும் அவன் இவன் என்று பேசி அவள் கேட்டதே இல்லை.

அஸ்வினுக்கு உண்மையிலேயே எதுவும் தெரிந்திருக்கவில்லை. அது அவன் முகத்தில் எழுதியிருந்தது. வாசல்வரை போனவன் திரும்பி வந்து, கண் கலங்கி, “அப்போ நீங்க எனக்கு அத்தை,” என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா இல்லை என்று ஆட்டினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

மாலையில் நந்தகுமார் வந்ததும் சொன்னாள். அவன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து கேட்டான். அதிகம் பேசுகிறவன் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: “மாமாகிட்ட கேக்காதே. எண்பத்திரெண்டு வயசு. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்க்கும்போதெல்லாம் அது வேறு யாருடையதோ போல இருந்தது.

மறுநாள் காலையில் அஸ்வின் போன் செய்து, தான் தங்கியிருக்கும் ஓட்டலுக்கு வர முடியுமா என்று கேட்டான். போனாள். நேற்று அத்தை என்றவன் இன்று மறுபடியும் மேடம் என்றான். அவன் பார்வை ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவன் அப்பாவும் சித்தப்பாக்களும் ஏற்கனவே சொத்துக்காகக் கோர்ட்டில் நிற்கிறார்கள், சின்னப் பாட்டி இந்திராணி நேற்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், வக்கீல் பயப்படுகிறார், ஒரு கையெழுத்து இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. இதையெல்லாம் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு டைப் செய்த ஒரு தாளை மேஜையில் வைத்தான். ஜமீன் குடும்பத்தோடு எனக்கு ரத்த உறவோ வேறெந்த உறவோ கிடையாது, இனி எக்காலத்திலும் அப்படிக் கோரமாட்டேன் என்பது அதன் சாரம்.

ஷோபனாவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அது அந்தத் தாளின்மேல் வந்த கோபம் அல்ல. தன்னை இவர்கள் சொத்துக்கு அலைகிறவளாக நினைத்துவிட்டார்களே என்பதுதான் பொறுக்கவில்லை. அதோடு, அழகர்சாமி உன்னை நல்லா வச்சிருந்தானா என்ற கேள்விக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து மனம் பரபரத்துக்கொண்டிருந்தது. இதுதான் பதில் என்று நினைத்தாள்.

“எங்கப்பா பேரு அழகர்சாமி. இதுல போட எனக்கு என்ன கஷ்டம்?” என்று சொல்லி, பேனாவை வாங்கி அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். ‘அ. ஷோபனா’. அந்த ‘அ’வைப் போடும்போது பெருமையாகக்கூட இருந்தது. வெள்ளியையும் நாளைக்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள், விலையெல்லாம் வேண்டாம் என்றாள்.

ஓட்டலிலிருந்து வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. சாத்தம் போய் ஃபெர்ரி பிடித்து, அக்கரையில் பம்பூஃப்ளாட்டில் இறங்கி பஸ் ஏறினாள். எதையும் கேட்கக்கூடாது, பெட்டி போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

அழகர்சாமி தோட்டத்துக் கொட்டகையின் முன்னால் சாக்கை விரித்து, காய்ந்த பாக்கை உரித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும், “என்ன பாப்பா, ஆபீஸ் லீவா?” என்றார். அவள் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். யார் கேட்டது என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “வீட்டுக்குள்ள விட்டியா?” என்றார். அப்படி ஒரு குரலை அவள் அவரிடம் கேட்டதில்லை.

பிறகு மறைக்க முடியவில்லை. வீடியோவில் இந்திராணி சொன்னதை அவள் சொல்லிவிட்டாள். கையெழுத்தை மட்டும் சொல்லவில்லை. அதைக் கடைசியில், ஒரு பரிசு மாதிரி சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

அழகர்சாமி அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. யாரோ ஆபீசில் விவரம் கேட்டதுபோலச் சொன்னார். அவர் அந்தக் குடும்பத்து மர டிப்போவில் கணக்கு எழுதியவர். ஜெயலட்சுமி, இந்திராணிக்குத் துணையாக அந்த வீட்டில் வளர்ந்த பெண். ஒருநாள் அஸ்வினின் தாத்தா, ஜமீன்தார் விஜயரங்கர் கூப்பிட்டு, அந்தமானில் ஒரு மர கான்ட்ராக்டரிடம் வேலை சொல்லி வைத்திருக்கிறேன், போகிறாயா என்றார். கூட ஒரு பெண்ணும் வருவாள் என்றார். அவளுக்கு ஐந்து மாதம் என்பதையும் அவரே சொன்னார்.

“வேலைக்காகத்தான் சரின்னேன். உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்,” என்றார் அப்பா. “வீட்ல ரெண்டு தங்கச்சி. மாசம் பொறந்தா சம்பளம். அதுக்காகத்தான். மில்லு வேலை பின்னால நானா எழுதி வாங்கினது.”

“இந்தச் சாமான்?”

“உங்கம்மா கேட்டு வாங்கினது.”

கிளம்பும் அன்று காரியஸ்தர் பணமும் நகையும் கொண்டுவந்து நீட்டினாராம். ஜெயலட்சுமி தொடவில்லை. வாசலைவிட்டு நகரவும் இல்லை. வண்டி பூட்டி நிற்கிறது, ரயிலுக்கு நேரமாகிறது, ஆட்கள் கூடிவிட்டார்கள். தலைகுனிந்தே பேசிப் பழகிய பெண், அன்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாளாம்.

“‘எம்புள்ளைக்குப் பேர் குடுக்கமாட்டீங்க. பேர் போட்ட சாமானையாவது குடுங்க. அதுல சாப்பிட்டு வளரட்டும்.’ இதான் சொன்னா. பெரியவர் உள்ள போயிட்டாரு. இந்த இந்திராணியம்மாதான் சாவியை எடுத்துட்டு வந்து, பெட்டியைத் தூக்கி வண்டியில வைக்கச் சொன்னாங்க.”

ஷோபனா சாக்கிலிருந்து ஒரு பாக்கை எடுத்துக் கையில் உருட்டினாள்.

“உனக்கு ஆறு வயசுல, அந்த எழுத்து என்னன்னு கேட்டே. அவ சொல்ல வாயெடுத்தா. நான் முந்திக்கிட்டேன். நான் படிச்ச பள்ளிக்கூடத்துச் சுவத்துல விக்டோரியா படம் இருந்துச்சு, அது ஞாபகம் வந்துச்சு.” அவர் மறுபடி கத்தியை எடுத்தார். “இப்ப கேட்டாலும் அதேதான் சொல்லுவேன். நான் தூக்கி வளத்த புள்ளைக்கு எதுக்கு அவன் பேரு? அம்பது வருசமா அந்தப் பெட்டி எங்கட்டிலுக்கு அடியிலேயே கிடந்துச்சு பாப்பா. ஒருநாள் அதுல ஒருவாய் சாப்பிட்டதில்ல நானு. கொண்டு போகட்டும். விட்டுச்சு சனியன்.”

கையெழுத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்பதே அவளைச் சொல்லவிடாமல் தடுத்தது.

திரும்பும்போது ஃபெர்ரியில் கூட்டம். பைக்குகளுக்கு நடுவில், காய்கறி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றபடி வந்தாள். விருந்தாளிகளிடம் ராணி கதையை அவள் ஆரம்பித்தாலே அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள். தாளிக்க, தண்ணீர் எடுக்க, எதற்கோ. எத்தனையோ தடவை பார்த்ததுதான். கூச்சம் என்று நினைத்திருந்தாள். இப்போது அந்த முதுகு நினைவுக்கு வந்தது. எல்லார் முன்னாலும் நின்று அம்மா வாதாடி வாங்கிய ஒன்றே ஒன்றை, அதுவும் பேராக இல்லாமல் பேரின் நிழலாக வாங்கியதை, அவள் இன்று காலை காபி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ரத்த உறவோ வேறெந்த உறவோ கிடையாது. தன் கையாலேயே. அப்பாவுக்காக என்று நினைத்துச் செய்தது, அம்மாவைத்தான் பொய்யாக்கியிருக்கிறது.

மறுநாள் அஸ்வின் அட்டைப்பெட்டியும் பழைய துணிகளுமாக வந்தான். ஷோபனா அவனை உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள். பிறகு பெட்டியைத் தரமுடியாது என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. நேற்று நீங்களாகத்தானே சொன்னீர்கள் என்றான். சொன்னேன், இன்றைக்கு இல்லை என்கிறேன், தாள்தான் உங்களிடம் இருக்கிறதே, அதோடு போங்கள் என்றாள். அவன் விலை சொன்னான். கூட்டிச் சொன்னான். ஒன்றும் நடக்காமல் போகவே எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அத்தை, நம்ம வீட்டுச் சாமான் நம்ம வீட்டுல இருக்கட்டுமே.”

“அந்த வார்த்தைக்கும் சேத்துத்தானே நேத்து கையெழுத்து வாங்கினீங்க,” என்றாள் ஷோபனா. “இது எங்கம்மா கேட்டு வாங்கினது. உங்க சின்னப் பாட்டிகிட்டயே கேளுங்க.”

கெட்டவன் இல்லை, பாவம். காபியைக் குடித்து முடித்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அட்டைப்பெட்டியை எடுத்துப்போக மறந்துவிட்டான்.

அந்த வார இறுதியில் அழகர்சாமி வந்தார். காலைக் கழுவிவிட்டுத் தன் அறைக்குள் போனவர், கட்டிலுக்கு அடியில் தேக்குப் பெட்டி இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்தார். ஷோபனா பின்னாலேயே போய் நின்றாள். என்ன சொல்வது என்று நாள்முழுக்க யோசித்து வைத்திருந்தாள். “அம்மா கேட்டதுப்பா,” என்று மட்டும் சொன்னாள்.

அவர் இரண்டு வேட்டி, மாத்திரை டப்பா, ரேடியோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஃபெர்ரிக்கே கிளம்பிவிட்டார். நந்தகுமார் பின்னாலேயே சாத்தம் வரைக்கும் ஓடினான். “தோட்டத்துல வேலை கிடக்கு மாப்பிள்ளை,” என்றாராம். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷோபனா குழம்பும் மீனுமாகத் தூக்கிக்கொண்டு பெரார்கஞ்ச் போவாள். அப்பா சாப்பிடுவார். மழை பெய்ததா, கரண்ட் இருந்ததா என்று கேட்பார். பாத்திரத்தைக் கழுவி அவளிடம் கொடுப்பார். அதற்குமேல் பேச்சு வளராது. அவள் பெட்டியை பாங்க் லாக்கரில் வைத்துவிட்டாள். அதை அவரிடம் சொன்னாள். அப்படியா என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா என்று நந்தகுமார் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் விசாரித்தான். எந்தச் சொத்துக்காக என்று அவர் கேட்டாராம். எதுவும் வேண்டாம் என்றால் எதற்காக ரத்து செய்ய வேண்டும் என்றாராம். மீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். பிறகு அம்மாவிடம், உனக்கு அவங்க மேல கோபமா, தாத்தா மேல கோபமா என்று போனில் கேட்டாள். தன்மேல்தான் என்று ஷோபனாவுக்குச் சொல்ல வரவில்லை.

மே கடைசியில் மழை பிடித்தது. கொட்டகை ஒழுகி, அழகர்சாமிக்குச் சளி பிடித்து, காய்ச்சல் வந்தது. பக்கத்துத் தோட்டத்து யோகராஜ்தான் அவரைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றிக் கூட்டிவந்து விட்டான். டாக்டர் ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கியபிறகும் அவர் தோட்டத்துக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொல்லவில்லை. வீட்டிலேயே இருந்தார். காலையில் பேப்பர் படித்தார், குளித்தார், சாப்பிட்டார். பெட்டிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அப்படி ஒரு மத்தியானம், மூவரும் சாப்பிட்டு எழுந்த நேரம், ஷோபனாவின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தபோது இந்திராணி பேசினாள். வீடியோ இல்லை, குரல் மட்டும். அஸ்வினுக்குத் தெரியாமல் கூப்பிடுகிறேன் என்றாள். ஷோபனா வைத்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அந்த அம்மாள் கேட்டாள்.

“ஜெயலட்சுமி கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளா?”

இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றாள் ஷோபனா. பிறகு, அழகர்சாமி இருக்கானா, ஒரு வார்த்தை பேசணும் என்றாள் இந்திராணி.

ஷோபனா போனைக் கையால் பொத்திக்கொண்டு நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். யார் என்று அவர் கண்ணால் கேட்டார். சொன்னாள். வேண்டாம் என்பார், அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையை நீட்டினார்.

போனைக் காதில் வைத்ததும் அழகர்சாமி எழுந்துவிட்டார். காய்ச்சலில் இளைத்த கால்கள் ஆடின. ஒரு கையால் மேஜையைப் பிடித்திருந்தவர் அந்தக் கையை எடுத்து, தோளில் கிடந்த துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “சொல்லுங்கம்மா,” என்றார். நந்தகுமார் ஓடிவந்து பிடிக்கப் போனான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

அந்தப் பக்கம் என்ன பேசினார்களோ, இவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

“ஆமாங்க... இல்லைங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல... நல்லாருக்கோம்ங்க. எம்பொண்ணு நல்லாப் பாத்துக்கிறா.”

ஷோபனா அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சு முடிந்து, திரை அணைந்து, போன் அவர் கையில் தொங்கியது. அவர் இன்னும் துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி அப்படியே நின்றார்.

“வச்சுட்டாங்கப்பா,” என்று ஷோபனா போய் அவர் கையைப் பிடித்தாள். “உக்காருங்க.”